எதைக் கேட்டாலும் ஏலாது

1

இவர் பஸ் தரிப்பில் விழுந்து இன்றோடு ஒரு வருஷம். நாள்காட்டியில் நான் ஒன்றும் குறித்து வைக்கவில்லை. காலையில் அதே தரிப்பில், அதே ஆறரை மணி பஸ்ஸுக்காக நின்றபோது குளிர்காற்று காதுக்குள் புகுந்தது. அப்போதுதான் தேதி நினைவுக்கு வந்தது. பிஸ்கட் தொழிற்சாலையில் இன்று முழுக்க என் கை தன்பாட்டில் பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டிருக்க, மனம் எங்கெங்கோ திரிந்தது.

லிங்கநகரிலிருந்து என் தங்கை பரமேசு எழுதிய எயார் மெயில் கடிதம் ஒன்று மாதக்கணக்காக அலுமாரிக்குள் பதில் இல்லாமல் கிடக்கிறது. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் வந்தது. "அக்கா, அத்தானை ஒரு துரும்பும் எடுக்க விடாதேங்கோ. பெரியப்பாவை நாங்கள் எப்பிடி வச்சுப் பாத்தம், அப்பிடிப் பாருங்கோ. குளிப்பாட்டுறது, சோறு தீத்துறது எல்லாம் நீங்களே உங்கட கையால செய்யுங்கோ" என்று எழுதியிருந்தாள். பரமேசு நல்லவள். அந்தக் கடிதம் முழுக்க அன்புதான். அதனால்தான் பதில் எழுதக் கை ஓடவில்லை.

ஒரு நீலத் தாளுக்குள் அடங்கக்கூடிய பதிலும் அல்ல. ஆகவே அவளுக்கும், ஊரில் இதை வாசிக்கக்கூடிய மற்றவர்களுக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெரிந்தவர்களுக்குப் பேனையும் நீளம் என்று இனித் தெரியவரும்.

2

"இவர்" என்று நான் எழுதுவது என் கணவரை. கட்டிய நாள் முதல் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஊரில் அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. இங்கே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, ஒரு நேர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு "கணவர் பெயர் என்ன?" என்று கேட்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்து, இன்னும் மெதுவாகவும் இன்னும் சத்தமாகவும் கேட்டாள். கடைசியில் அவளுடைய பேனையை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். அதிர்ச்சியில் மனைவிக்குப் பேச்சு வரவில்லை என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததாக மகள் பிறகு சொன்னாள். எனக்குப் பேச்சு வரவில்லையாம்! இதைக் கேட்டால் லிங்கநகரே சிரிக்கும்.

இவர் திருகோணமலை டொக்யாட் என்ற கப்பல் பட்டறையில் வடம் கட்டுகிற வேலைக்காரர். இரும்புக் கம்பி வடத்தைப் பிரித்து, இழை இழையாகக் கோத்து, மூட்டுத் தெரியாமல் பின்னிவிடுவார். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபின் கொஞ்சக் காலம் அங்கே இங்கே இழுபட்டுவிட்டு, பழைய அதிகாரி ஒருவரின் கடிதத்தோடு அவர்கள் நாட்டுக்கே, இந்தத் துறைமுகப் பட்டினத்துக்கு, வந்தார். பின்னால் நானும் நாலு வயது மகளும் வந்தோம். சொத்து என்று நாங்கள் கொண்டுவந்தது அவருடைய வலக்கையைத்தான்.

விழுந்தது அந்தக் கை. பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்கச் செத்ததுபோல் தொங்கியது. பேச்சும் குழறிப்போய், இரண்டு மூன்று கிழமையில் திரும்பியது. திரும்பியது தமிழ் மட்டும். பதின்மூன்று வருஷமாகப் பேசிய ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை. கேட்டால் ஓரளவு விளங்கும், பதில் சொல்ல வராது. ஆகவே அவருக்கு நான்தான் வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் செய்த வேலையை இனிச் சொல்லவேண்டும்.

3

ஆறாம் கிழமையில் ஒரு கடிதம் வந்தது. 'ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்' ஒருவர் இவரைப் பார்த்து மதிப்பிடுவார் என்று இருந்தது. ஒக்குபேஷன் என்றால் தொழில். அது எனக்குத் தெரியும்; வந்த நாளிலிருந்து எத்தனை படிவத்தில் அந்தச் சொல்லுக்கு எதிரே 'துறைமுகத் தொழிலாளி' என்று நிரப்பியிருக்கிறேன். மதிப்பீடு என்றாலும் என்னவென்று தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க ஆள் வருகிறது!

ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர், கால் நசுங்கி, மெடிக்கல் போர்ட்டுக்கு முன்னால் போய் நின்றார். "கொஞ்சம் நடக்க ஏலும் ஐயா" என்று உள்ளதைச் சொன்னார். அடுத்த கிழமையே மூட்டை தூக்க அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கெல்லாம் ஒரு பாடம் மனப்பாடம். மதிப்பிட வருகிறவன் முன்னால் 'ஏலும்' என்ற சொல் வாயில் வரக்கூடாது.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, இவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு ஒரு பொம்பிளை வருவா. என்னத்தைக் கேட்டாலும் ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"கொஞ்சம் ஏலுமெண்டாலுமோ?"

"கொஞ்சம் ஏலுமெண்டாலும் ஏலாது. விளங்கிச்சோ?"

"ஓம், ஓம்" என்றார். அவருக்கும் அந்தப் பாடம் தெரிந்ததுதான்.

வந்தவள் மிஸ் வாட்லி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். முகம் நிறையப் புள்ளி; காலில் ஆம்பிளைகளுடையதுபோலப் பெரிய சப்பாத்து. அவள் கேட்டாள், நான் தமிழாக்கினேன், அவர் பதில் சொன்னார். தலை இழுக்க ஏலுமோ? ஏலாது. முகம் கழுவ? ஏலாது. கட்டிலில் எழும்பி இருக்க? ஏலாது. அதைச் சொன்னபோது அவர் எழும்பித்தான் இருந்தார்! மிஸ் வாட்லி ஒரு நொடி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு எழுதினாள். நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். கெட்டித்தனமாகக் காரியம் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு கிழமை கழித்து ஆஸ்பத்திரிக் காரியாலயத்தில் ஓர் உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். அன்பாகத்தான் பேசினார். உங்கள் வீடு மேல்மாடி. நீங்கள் பகல் முழுக்க வேலைக்குப் போகிறீர்கள். உங்கள் கணவருக்குத் தன்பாட்டில் எதுவுமே செய்ய முடியாது என்று அறிக்கை இருக்கிறது. அவரை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. நாலு கிழமையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் வரும், அங்கே கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்றார். அந்த இல்லம் வேறு பட்டினத்தில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். அங்கே தமிழில் "தண்ணி" என்று கேட்டால் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

என் வாயால் என் புருஷனை நானே அனுப்பிவைத்துவிட்டேன்.

4

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை என்று எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நித்திரை வந்தது, அடித்துப்போட்டது போல. விடிய, பஸ்ஸில்தான் பெரியப்பா நினைவு வந்தது.

எங்கள் பெரியப்பாவுக்கும் இதே வாதம்தான். விழுந்தபின் பதினொரு வருஷம் இருந்தார். வீட்டில் எத்தனை பேர்! ஒருவர் தீத்த, ஒருவர் துடைக்க, ஒருவர் விசிற. நானும் தீத்தியிருக்கிறேன். அவர் இடக்கையைத் தண்ணீர்ச் செம்புப் பக்கம் நீட்டினால் யாராவது பாய்ந்து எடுத்து அவர் வாயில் வைப்போம். கொஞ்சக் காலத்தில் அவர் நீட்டுவதை விட்டுவிட்டார். ஊர் எங்களைப் புகழ்ந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. பதினொரு வருஷம் ஒரு மனுஷன் தன் வாயைத் தன் கையால் தொடவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதே காலத்தில் கிண்ணியாத் துறையில் தோணி விட்டவர் ஹனீபா; எல்லாருக்கும் அண்ணன் முறை என்பதால் ஹனீபா காக்கா. டைனமைட் போட்டு மீன் பிடிக்கப்போய் ஒரு கை மணிக்கட்டோடு போய்விட்டது. மனைவி இல்லை, பிள்ளைகள் தோப்பூர்ப் பக்கம் வயலோடு போய்விட்டார்கள். பார்க்க ஆள் இல்லாததால் அவர் தானே ஒரு தோல் வாரை முழங்கைக்குக் கீழே சுற்றி, அதற்குள் துடுப்பைச் செருகி, ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்கினார். அவருடைய தோணியில் ஏறும்போது அம்மா, "பாவம் மனுஷன்" என்பாள். அவர் காதில் விழுந்தால், "பாவமெண்டா நீங்களே துடுப்பைப் புடிச்சு வலிங்களன் புள்ள" என்று சிரிப்பார்.

ஆள் நிறைந்த வீட்டில் இருந்தவர் பதினொரு வருஷம் கட்டிலில் கிடந்தார். ஆளே இல்லாதவர் தோணி வலித்தார். இதை நான் அன்றைக்கே கண்ணால் பார்த்தவள். ஆனால் அந்த பஸ்ஸில் வைத்துத்தான் எனக்கு அது விளங்கியது. அடுத்த தரிப்பில் இறங்கி, பிஸ்கட்டுக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

5

மிஸ் வாட்லியின் இடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம். கதவைத் திறந்ததும் நான் வந்த காரியத்தை மறந்து நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குள் ஒரு குசினி! அடுப்பு, கேத்தல், சீனிப் போத்தல் எல்லாம் இருந்தன. பக்கத்தில் தண்ணீர் இல்லாத ஒரு குளியல் தொட்டி. ஒரு கட்டில். எங்கேயும் போகாத மூன்று படி, ஏறினால் சுவர்தான். ஒரு பலகையில் வெறும் பொத்தான்களும் பூட்டுகளும் கொக்கிகளும். வளர்ந்தவர்கள் அங்கே வீடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மீசைக்காரர் ஒருவர், ஆணி அடித்த பலகையில் உருளைக்கிழங்கைக் குத்தி நிறுத்தி, ஒரே கையால் தோல் சீவிக்கொண்டிருந்தார். அந்தக் கிழங்கை ஒரு ராசாவின் மணிமுடியைப் பார்ப்பதுபோல அவர் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மிஸ் வாட்லியிடம் உள்ளதைச் சொன்னேன். "அவர் சொன்ன பதிலெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. எங்கள் ஊரில் முடியும் என்று சொன்னவனுக்கு ஒன்றும் கிடைக்காது."

அவள் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. "அந்தப் படிவத்தில் நான் தேடியது அவரால் முடிகிற ஒன்றே ஒன்றை. ஒன்று கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றுகூடத் தரவில்லை" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு அவளே விளக்கினாள். இங்கே ஒக்குபேஷன் என்றால் சம்பள வேலை மட்டும் அல்லவாம். பல் விளக்குவது, சட்டை போடுவது, படி ஏறுவது, பேப்பர் வாசிப்பது, ஒரு மனுஷன் ஒரு நாளில் செய்கிறதெல்லாம் அதற்குள் அடக்கமாம். அதையெல்லாம் திரும்பப் பிடித்துக்கொடுக்க ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம், அதற்கு ஒரு உத்தியோகம்! பல் விளக்குவதற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நாலு கிழமைக்குள் மறுபடி மதிப்பிடுவதாகச் சொன்னாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். இவர் ஏதாவது செய்யும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அது எவ்வளவு கொடுமை என்று பரமேசுவுக்குத்தான் விளங்கும்.

முதலில் சட்டை. ஏலாத கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது அதே கை கடைசியில் வெளியே வரவேண்டும். பொத்தானைக் கீழிருந்து மேலே பூட்டவேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒழுங்கு தெரியாத முதல் நாள் சட்டையோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி வியர்த்தவர், ஒழுங்கு தெரிந்த மூன்றாம் நாள் பேப்பர்க்காரன் வருவதற்குள் போட்டு முடித்தார். எனக்கு மந்திரம்போல இருந்தது.

அடுத்தது காற்சட்டை. இவர் தலையாட்டினார். "வீட்டில நான் சாரம்தான் உடுக்கிறனான் எண்டு சொல்" என்றார். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாரம் என்ற சாமானை மிஸ் வாட்லி கண்டதில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைத் தன் பாவாடைக்கு மேலே உடுத்து, வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிவைத்துக்கொண்டு, இடக்கையால் மட்டும் கட்டிப்பார்த்தாள். அவிழ்ந்தது. இன்னொரு தரம், இன்னொரு தரம். "என் புத்தகத்தில் இது இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசியில் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்து, மற்றதை மடித்துச் செருகினாள்.

எங்கள் ஆம்பிளைகள் கடலில் குளித்துவிட்டு உடுப்பு மாற்றும்போது சாரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பார்களே, அச்சொட்டாக அதே நிலை! இவர் பார்த்தார். வாய் கோணினாலும் பரவாயில்லை என்று சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அந்த வெள்ளைக்காரப் பெட்டையை எனக்குக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

6

ஆனால் சாப்பாடு மட்டும் சரிவரவில்லை. தட்டுச் சறுக்காமல் இருக்கக் கீழே ரப்பர் விரிப்பு வைத்தாள், விளிம்பு உயர்ந்த தட்டு வைத்தாள், பிடி தடித்த கரண்டியை இடக்கையில் கொடுத்தாள். இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "ஏலாது" என்றார். நான் "அவரால் முடியாதாம்" என்று தமிழாக்கினேன். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு யாராவது தீத்தவேண்டியிருந்தது. சாப்பிட முடியாதவரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு மாலை மிஸ் வாட்லி தன் குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள். அன்று மகளும் என்னோடு வந்திருந்தாள். மகள் பெயர் வசந்தி. பள்ளிக்கூடத்தில் அவளை 'வாஸ்' என்று கூப்பிடுவார்கள், ஆங்கிலத்தில் பூச்சாடியைச் சொல்கிறது மாதிரி. பதினேழு வயது, நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில், சாப்பாட்டை அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிடுவாள். தகப்பனும் மகளும் பேசுவது குறைந்து வருஷக்கணக்காயிற்று.

மிஸ் வாட்லி கேட்டாள்: "அவர் 'ஏலாது' என்று ஒரு சொல் சொல்கிறாரே, எப்போதெல்லாம் சொல்கிறார் என்று நான் குறித்துவந்தேன். பேப்பரை இடக்கையால் புரட்டுகிறார். கண்ணாடியைப் போடுகிறார். சாரம் கட்டுகிறார். அப்போதெல்லாம் சொல்வதில்லை. சாப்பாடு வந்தால் மட்டும் சொல்கிறார். அதே கைக்கு அப்போது என்ன நடக்கிறது?"

எனக்குக் கோயில் வாசல் நினைவுக்கு வந்தது. கோயிலுக்குள் செருப்போடு போக ஏலாது என்கிறோம். கால் இருக்கிறது, செருப்பு இருக்கிறது, வாசல் திறந்திருக்கிறது, போகலாம், ஆனால் ஏலாது. அந்த ஏலாதைத்தான் இவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை 'முடியாது' என்று மாற்றிக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு சொல் மட்டும் தெரிந்த ஒருத்தி, பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற எனக்கு அதைக் காட்டிவிட்டாள்.

இடக்கை எங்களுக்கு எதற்கு என்பதை இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மிஸ் வாட்லிக்குச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாயிருந்தது. வசந்தி சொன்னாள். மறைக்காமல், நீட்டாமல், இரண்டு வசனத்தில் சொல்லிமுடித்தாள். மிஸ் வாட்லியின் முகம் சிவந்தது. "நான் கேட்டிருக்கவேண்டும்" என்றாள்.

பிறகு நடந்தது ஒருவரும் எதிர்பாராதது. நான் கொண்டுபோன சோற்றுக் கரியரை வசந்தி திறந்தாள். மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியில் சவர்க்காரம் போட்டு இடக்கையைக் கழுவினாள். தகப்பனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து, உருட்டி, தன் வாயில் வைத்தாள். தடுமாற்றமே இல்லை. எத்தனையோ வருஷம் பழகிய கை.

அவள் இடக்கைப் பிள்ளை. சின்ன வயதில், ஊரில், அந்தக் கையைச் சோற்றுக்கு நீட்டினபோதெல்லாம் இவர் அடித்திருக்கிறார். நானும் ஒரு தரம் துணியால் கட்டிவிட்டிருக்கிறேன். வலக்கைக்கு மாறிவிட்டாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் ஏன் தன் அறைக்குள் தட்டைக் கொண்டுபோகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

"அப்பா, இது கழுவின கை. பாருங்கோ" என்று விரித்துக் காட்டினாள்.

இவர் அந்தக் கையைப் பார்த்தார். "எத்தனை நாளா?" என்றார்.

"எப்பவும்தான் அப்பா. எழுதுறதும் இதாலதான்."

"எழுத்து வடிவா இருக்கோ?"

"டீச்சர் நல்லம் எண்டு சொல்லுறவ."

"அடிச்சனான், என்ன?"

"ஓம்" என்றாள் வசந்தி. இல்லை என்று சொல்லித் தகப்பனைத் தேற்றவில்லை.

இவர் தன் இடக்கையை அவளிடம் நீட்டினார். அவள் ஈரத் துணியால் விரல் விரலாகத் துடைத்துவிட்டு, அந்தக் கையைச் சோற்றில் வைத்தாள். பாதி மடியில் கொட்டியது. "பெருவிரலால தள்ளுங்கோ அப்பா" என்றாள். மிஸ் வாட்லி கரண்டியைத் தன் பைக்குள் போட்டுவிட்டு, குனிந்து, அந்தப் பெருவிரல் எப்படித் தள்ளுகிறது என்று கண்கொட்டாமல் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் என் இரண்டு கையையும் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணீர் வடிந்தது, துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

7

மறுமதிப்பீட்டு நாள். முகம் கழுவினார், சட்டை போட்டார், அந்த மூன்று படியையும் கம்பியைப் பிடித்து ஏறி இறங்கினார். காரியாலய உத்தியோகத்தரும் வந்து நின்று பார்த்தார். கடைசிச் சோதனை குசினியில். பகலில் தனியே இருக்கப்போகிறவர் அடுப்பையும் கொதிநீரையும் ஆபத்தில்லாமல் கையாளுவாரா என்பதுதான் உத்தியோகத்தருடைய பெரிய கேள்வி. அதில் தவறினால் பராமரிப்பு இல்லம்தான். ஒரு கப் தேத்தண்ணீர் போடவேண்டும்.

மிஸ் வாட்லி படிவத்தைப் பார்த்து என்னிடம் கேட்டாள்: "சுகமில்லாமல் போவதற்கு முன்னர் தேநீர் போடுவாரா?"

இனிப் பொய் சொல்வதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். "இல்லை."

"எப்போதாவது?"

"இல்லை. இரண்டு கையும் இருந்தபோதும் அவர் குசினிக்குள் கால் வைத்ததில்லை."

அவளுடைய பேனை நின்றுவிட்டது. இழந்ததைத் திரும்பக் கொடுப்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இருந்தது. ஒரு நாளும் இல்லாததற்கு இடம் இல்லை. உத்தியோகத்தர் தொண்டையைச் செருமினார். உண்மையைச் சொல்லியும் கெடுத்துவிட்டேனா?

"என்னவாம்?" என்றார் இவர்.

"தேத்தண்ணி போட ஏலுமோ எண்டு கேக்கினம்."

கேத்தலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலும் எண்டு சொல்" என்றார்.

நான் சொன்னேன்.

கேத்தலில் கால்வாசிக்கு மட்டும் தண்ணீர் பிடித்தார், பாரம் கூடாமல். அடுப்பின் விசையைத் திருப்பினார். ஏலாத கையைத் தூக்கி மேசையில் கப்புக்குப் பக்கத்தில் அணைபோல வைத்தார், கப் நகராமல் இருக்க. பால் போத்தலைத் தொடைகளுக்கு இடையில் இறுக்கி மூடியைத் திறந்தார். தண்ணீர் கொதித்து ஆவி எழும்பியபோது என் கால் தன்பாட்டில் ஓர் அடி முன்னால் போயிற்று. மிஸ் வாட்லி என் முழங்கையைப் பிடித்தாள். அவர் அடுப்பை அணைத்தார். கேத்தலைத் தூக்கி, தேயிலை போட்ட கப்புக்குள் மெல்லச் சரித்து ஊற்றி, பாலும் விட்டார். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. இரும்பு வடம் பின்னுகிறபோது அவர் முகத்தில் இருக்கிற அந்தக் கவனத்தை நான் திரும்பவும் கண்டேன். இனி ஒருபோதும் காணமாட்டேன் என்று நான் நினைத்திருந்த முகம் அது. பிரமித்துப்போய் நின்றேன். ஒரு கப் தேத்தண்ணீருக்கு இவ்வளவு பெரிய மனுஷன் வேண்டியிருக்கிறதே!

சீனிப் போத்தலைத் திறந்து கரண்டியை எடுத்தவர் அப்படியே நின்றார். மறந்துவிட்டாரோ என்று மிஸ் வாட்லி என்னைப் பார்த்தாள். உத்தியோகத்தரும் பார்த்தார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், உமக்குச் சீனி எத்தனை கரண்டி?"

இருபத்திரண்டு வருஷம். அவருக்கு ஒன்றரைக் கரண்டி. மழைநாளென்றால் ஒரு துண்டு இஞ்சியும். அது எனக்கு நித்திரையிலும் தெரியும். எனக்கு எத்தனை என்று கேட்கவேண்டிய தேவை அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கேட்காதது எனக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அவர் போடுவது தனக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு" என்றேன்.

எண்ணி இரண்டு போட்டுக் கலக்கினார். கப்பைச் சில்லு வைத்த தட்டு வண்டியில் வைத்து, இடக்கையால் தள்ளி, காலை இழுத்து இழுத்து, நான் நின்ற இடத்துக்குக் கொண்டுவந்தார். மிஸ் வாட்லி உத்தியோகத்தரிடம் என்னவோ சொன்னாள்; அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்; வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று என்னிடமும் சொன்னார்கள். எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. இவர் என்னைக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"குடியும், ஆறப்போகுது" என்றார்.

நான் இருந்து குடித்தேன்.